தொடக்க வகுப்பில் ஆங்கிலச் சொற்கள்: புதிதாக வரும் ஆசிரியருக்கு

நான் பணியில் சேர்ந்த முதல் ஆண்டு, மூன்றாம் வகுப்பு கொடுத்தார்கள். வாரத்துக்கு இருபது சொல் என்று கரும்பலகையில் எழுதிப் போடுவேன். இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ். பிள்ளைகள் ராகம் போட்டுப் படிப்பார்கள். வெள்ளிக்கிழமை டிக்டேஷன். பாதிப் பேருக்கு மேல் இருபதுக்கு இருபது வாங்குவார்கள், எனக்கும் திருப்தியாக இருக்கும்.

ஒரு நாள் நல்ல மழை. வகுப்பு மூலையில் சாத்தி வைத்திருந்த குடையைக் காட்டி, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டேன். எப்போதும் முழு மதிப்பெண் வாங்கும் பெண் எழுந்து, "குடை மிஸ்" என்றாள். இங்கிலீஷில் சொல் என்றேன். கூரையைப் பார்த்து யோசித்தாள். அப்புறம் "யு, எம், பி, ஆர், ஈ..." என்று எழுத்துக்கூட்ட ஆரம்பித்தாள். எழுத்து அத்தனையும் சரி. ஆனால் அந்த எழுத்துகள் சேர்ந்து என்ன சொல் ஆகும் என்பது அவள் வாயில் வரவே இல்லை. டிக்டேஷனுக்கு எழுதிய அதே சொல்தான்.

நான் கற்றுக்கொடுத்ததைத்தான் அவள் கற்றிருந்தாள். எழுத்து வரிசையைக் கொடுத்தேன், அதை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பிறகு பல ஆண்டுகளில் நான் தெரிந்துகொண்டது இதுதான்: ஒரு சொல்லை நாம் எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் அது நம்முடைய சொல்லாகவே இருக்கும். தேவைப்படும்போது பிள்ளையே தேடி எடுத்து, நாலைந்து தடவை பயன்படுத்திய பிறகுதான் அது பிள்ளையின் சொல். கீழே உள்ள படிகள் எல்லாமே அந்த இடத்துக்குக் கொண்டுபோவதற்காகத்தான்.

படி 1: அவர்களிடம் ஏற்கெனவே இருப்பதை எண்ணுங்கள்

பஸ், லாரி, சைக்கிள், டிவி, போன், பென்சில், பேக், ஷூ, டாக்டர், டிக்கெட், சேர், ஃபேன், கேக், பலூன். தமிழ் பேசும் ஐந்து வயதுப் பிள்ளை இவற்றில் பெரும்பாலானவற்றை அன்றாடம் சொல்கிறது. அது ஆங்கிலம் என்பதுதான் அதற்குத் தெரியாது. அதனால் முதல் நாள் புதுச் சொல் எதுவும் வேண்டாம். "உங்களுக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தை சொல்லுங்கள், நான் படம் போடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் பலகை பக்கம் திரும்புங்கள். முதல் இரண்டு நிமிடம் அமைதியாக இருக்கும். யாராவது ஒருவர் "பஸ்" என்று தொடங்கிவிட்டால் பாடவேளை முடிவதற்குள் பலகையில் இடம் இருக்காது. எனக்கு இங்கிலீஷே வராது என்று ஒதுங்கி உட்காரும் பிள்ளைக்கு அந்தப் பலகை பெரிய தைரியம்.

இதில் சில சொற்கள் ஆங்கிலமாக இருக்காது. சாவி, ஜன்னல், அலமாரி மூன்றும் போர்ச்சுகீசிய மொழியிலிருந்து தமிழுக்கு வந்தவை. பிள்ளைகள் அவற்றைச் சொன்னால் திருத்த வேண்டியதில்லை. இதுவும் கடல் தாண்டி வந்த சொல்தான் என்று பாராட்டி, பலகையின் வேறொரு மூலையில் எழுதுங்கள். வேறு சில ஆங்கிலம்தான், ஆனால் தமிழில் பொருள் நகர்ந்துவிட்டது. நாம் ஹோட்டலுக்குப் போவது சாப்பிட. ஆங்கிலத்தில் அது தங்கும் இடம். உச்சரிப்பும் மாறியிருக்கும். ஃபேன் என்பதைப் பிள்ளை 'பேன்' என்றால் அது தலையில் ஊரும் பேன் ஆகிவிடும். கீழுதட்டை மேல்பற்களால் லேசாகத் தொட்டுக் காற்றை விடச் சொல்லிக் காட்டுங்கள். இந்த ஒலிப் பயிற்சிக்குத் தெரிந்த சொற்களே நல்லது, பொருளைப் பற்றிய கவலை இல்லாமல் வாயை மட்டும் கவனிக்கலாம்.

படி 2: குறைவாகத் தேர்ந்தெடுங்கள், கலந்து தேர்ந்தெடுங்கள்

ஒன்றாம், இரண்டாம் வகுப்பில் ஒரு பாடவேளைக்கு நான்கைந்து புதுச் சொல் போதும். மூன்றாம் வகுப்புக்கு மேல் ஏழெட்டு. இது என் அனுபவக் கணக்கு. உங்கள் வகுப்பைப் பார்த்து ஒன்றிரண்டு கூட்டலாம், குறைக்கலாம். இருபதுக்குப் போகாதீர்கள்.

எந்தச் சொல் என்பதற்கு ஒரே கேள்விதான்: இந்த வாரம் வகுப்புக்குள் இது எத்தனை தடவை தேவைப்படும்? கதவு, திற, மூடு, கொடு, பெரியது, அடியில் போன்றவை ஒவ்வொரு நாளும் வரும். படப்புத்தகத்தில் ஜி எழுத்துக்கு வரும் ஒட்டகச்சிவிங்கி பிள்ளைகளுக்குப் பிடிக்கும்தான், ஆனால் அது மறுபடி எப்போது வரப்போகிறது? விலங்குகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. பத்து பெயர்ச்சொற்களை அடுக்கிவிட்டு வினைச்சொல் ஒன்றுகூட இல்லாமல் விட்டால், பிள்ளையால் ஒரு வாக்கியம்கூடச் சொல்ல முடியாது. அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்ட் டால்ச் 1936இல் வெளியிட்ட 220 சொற்களின் பட்டியலை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் பெயர்ச்சொற்களே கிடையாது. 95 பெயர்ச்சொற்களைத் தனியே வைத்தார். ஆங்கிலம் பேசி வளரும் பிள்ளைகள் வாசிக்கக் கற்பதற்காக எழுந்த பட்டியல் அது. அதை வாசிப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள், பேச்சுக்கு முதல் பட்டியலாக எடுக்க வேண்டாம்.

அடுத்தது, நிறைய பேர் கவனிக்காத விஷயம். பாடநூல்களில் நிறங்கள் ஒரு பாடம், பழங்கள் ஒரு பாடம் என்று இருக்கும். ஒரே இனத்துச் சொற்களை ஒரே நாளில் புதிதாகக் கொடுத்தால் ஒன்றோடொன்று குழம்பும். தாமஸ் டிங்க்ஹாம் 1993இலும் ராப் வாரிங் 1997இலும் வெளியிட்ட ஆய்வுகள், இப்படி இனவாரியாகச் சேர்த்த சொற்களைக் கற்பது கடினமாக இருப்பதைக் காட்டின. வகுப்பில் நானே பார்த்திருக்கிறேன். இடம், வலம் இரண்டையும் ஒரே நாளில் சொல்லிக்கொடுத்தேன். ஆண்டு முடியும்வரை ரைட் என்றால் பாதி வகுப்பு இடப்பக்கம் திரும்பியது. இப்போது ரைட் மட்டும் முதலில். அது நன்றாக ஊன்றிய பிறகு, இரண்டு வாரம் கழித்து லெஃப்ட். நிறங்களுக்கும் அப்படித்தான். ரெட், பால், த்ரோ, கேட்ச், பிக் என்று ஒரு காட்சிக்குள் வரும் சொற்களைச் சேர்த்துக் கொடுங்கள். சிவப்புப் பந்து ஒன்று கையில் இருந்தால் அன்றைய பாடம் நடந்துவிடும். எல்லா நிறமும் தெரிந்த பிறகு, நிறங்கள் பாடத்தைத் தொகுப்பாக எடுக்கலாம்.

படி 3: முதலில் காது

கேட்பது, புரிவது, சொல்வது, வாசிப்பது, எழுதுவது. இந்த வரிசையை மாற்றாதீர்கள். ஆங்கிலத்தில் எழுத்து 26, ஒலிகள் ஏறக்குறைய 44. எழுத்தைப் பார்த்தால் ஒலி தெரியும் என்ற தமிழின் சௌகரியம் அங்கே கிடையாது. ஒலி காதில் பதியும் முன்பே எழுத்தைக் காட்டினால் பிள்ளை எழுத்தைத்தான் பிடித்துக்கொள்ளும், எங்கள் குடைப் பெண்ணைப் போல.

ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதிக்கொள்ள விடாதீர்கள். பிள்ளைகள் செய்வார்கள், பெற்றோர் செய்யச் சொல்வார்கள். ஏன் கூடாது என்று ஒருமுறை காட்டிவிடுங்கள். 'பேட்' என்று தமிழில் எழுதினால் அது கிரிக்கெட் மட்டையா, கெட்டது என்ற சொல்லா, முதுகில் தட்டிக் கொடுப்பதா, எழுதும் தாள் கட்டா? ஆங்கிலத்தில் நான்கும் வேறு வேறு ஒலி, தமிழ் எழுத்தில் நான்கும் ஒன்றே. 'பால்' என்றால் பந்தா, குடிக்கிற பாலா?

புதுச் சொல்லை முதலில் நீங்கள் சொல்லிக்கொண்டே செய்து காட்டுங்கள், பிள்ளைகள் பேச வேண்டாம், செய்தால் போதும். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் இதை ஒரு கற்பித்தல் முறையாகவே வளர்த்தார். கைக்குழந்தை பேசுவதற்கு எவ்வளவோ முன்பே, "இங்கே வா", "அதை எடு" என்றால் செய்கிறது அல்லவா, அதிலிருந்து எடுத்த வழி. ஸ்டாண்ட் அப், ஜம்ப், டச் த டோர், ஓபன் யுவர் பேக். முதலில் நீங்களும் சேர்ந்து செய்யுங்கள். பிறகு சொல்லிவிட்டு அசையாமல் நில்லுங்கள். யார் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் செய்கிறார், யார் கேட்டுச் செய்கிறார் என்பது அப்போது தெரிந்துவிடும். சில பிள்ளைகள் வாரக்கணக்கில் வாயைத் திறக்க மாட்டார்கள். சொன்னதைச் சரியாகச் செய்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். செய்தால் உள்ளே வேலை நடக்கிறது. வாயைத் திறக்கச் சொல்லி நிற்கவைக்காதீர்கள்.

படி 4: பொருளைக் காட்டும்போது தமிழின் அளவு வேறு என்பது நினைவிருக்கட்டும்

பொருளை எடுத்துக் காட்டலாம், படம் காட்டலாம், நடித்துக் காட்டலாம். படமென்றால் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். ஒரே ஒரு பழுப்பு நாயைக் காட்டி 'டாக்' என்றால், அது நாயின் பெயரா, நிறமா, நாலுகால் பிராணி எல்லாவற்றுக்கும் பொதுவா என்று பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மூன்று வேறு வேறு நாய், நடுவில் ஒரு பூனை. பூனையைக் கண்டதும் "நோ!" என்று வகுப்பு கத்தினால் சொல் புரிந்துவிட்டது.

தமிழில் பொருள் சொல்லலாமா என்று புதியவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். தாராளமாகச் சொல்லலாம். 'பிகாஸ்', 'ஆல்வேஸ்' மாதிரிச் சொற்களை நடித்துக் காட்டப் பத்து நிமிடம் செலவழிப்பதைவிட ஒரு முறை தமிழில் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தைப் பயன்படுத்துவதற்குக் கொடுப்பது மேல். ஆனால் தமிழ்ச் சொல்லும் ஆங்கிலச் சொல்லும் ஒரே அளவுச் சட்டை என்று நினைத்துவிடக் கூடாது. இந்த இடத்தில்தான் வாழ்நாள் முழுக்கத் தொடரும் தவறுகள் பிறக்கின்றன.

கை என்றால் ஹேண்ட் என்று எழுதிவிடுகிறோம். நமக்குத் தோளிலிருந்து விரல்நுனி வரை எல்லாமே கை. ஆங்கிலத்தில் மணிக்கட்டுக்கு அப்பால் ஹேண்ட், தோள் வரை உள்ளது ஆர்ம். காலும் அப்படித்தான்: கணுக்காலுக்கு மேலே லெக், கீழே ஃபுட். விரல் கையில் இருந்தால் ஃபிங்கர், காலில் இருந்தால் டோ. இதற்கு நான் செய்வது: ஒரு பிள்ளையைத் தரையில் படுக்கவைத்துச் சுற்றிச் சாக்பீஸால் கோடு இழுப்பேன். அவன் எழுந்ததும் அவன் உருவம் தரையில் இருக்கும். மணிக்கட்டில் ஒரு குறுக்குக்கோடு, கணுக்காலில் ஒரு குறுக்குக்கோடு. அப்புறம் ஒவ்வொருவராக வந்து, நான் சொல்லும் பகுதியில் நிற்க வேண்டும். ஆர்ம் என்றால் கோட்டுக்கு மேலே, ஹேண்ட் என்றால் கோட்டுக்கு அந்தப் பக்கம். அந்தக் குறுக்குக்கோட்டைத் தாண்டிக் குதிக்கும்போது வித்தியாசம் உடம்பிலேயே பதிகிறது. ஆர்ம், ஹேண்ட் ஒரு நாள். லெக், ஃபுட் அடுத்த வாரம்.

வினைச்சொற்களில் இது இன்னும் தீவிரம். 'போடு' என்ற ஒரு சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டை போடு, லைட் போடு, கோடு போடு, கையெழுத்துப் போடு, சண்டை போடு. ஆங்கிலத்தில் முறையே வேர், டர்ன் ஆன், டிரா, சைன், ஃபைட். போடு என்றால் புட் என்று மட்டும் படித்த பிள்ளை "புட் த லைட்" என்றுதானே சொல்லும்? பார் என்பதற்கு ஸீ, லுக், வாட்ச் மூன்றும் உண்டு. அதனால் வினைச்சொல்லைத் தனியாக மொழிபெயர்க்காமல், செயலோடு சேர்த்தே கொடுங்கள். சுவிட்சைத் தட்டிக்கொண்டே "டர்ன் ஆன் த லைட்". அவ்வளவுதான். எதிர்த்திசையிலும் பாருங்கள்: மாமா, சித்தப்பா, பெரியப்பா எல்லோரும் அங்கிள், அண்ணனும் தம்பியும் பிரதர். எப்படி எல்லோரும் ஒன்றாக முடியும் என்று பிள்ளைகள் வியந்து கேட்பார்கள். அந்த வியப்புக்கு நேரம் கொடுங்கள், சொல் மறக்காது.

படி 5: சொல்லைத் தனியாக அனுப்பாதீர்கள்

'அம்பரெல்லா' என்று தராமல் 'அன் அம்பரெல்லா' என்றே தாருங்கள். ஏ, அன், த போன்றவற்றுக்கு நேரான சொல் தமிழில் இல்லை. பிறகு இலக்கணமாகச் சொல்லிக்கொடுத்தால் ஏறுவது கடினம். முதல் நாளிலிருந்தே ஒட்டிக்கொண்டு வந்தால் காது பழகிவிடும். 'அடியில்' போன்ற சொற்களும் இப்படித்தான். தமிழில் மேசை முன்னால், அடியில் பின்னால். ஆங்கிலத்தில் நேர்மாறு. 'அண்டர் த டேபிள்' என்று மூன்று சொல்லையும் ஒரே மூச்சில் சொல்லவையுங்கள், பிள்ளைக்கு அது ஒரே சொல்லாகவே இருக்கட்டும்.

படி 6: திருப்பிக் கேளுங்கள்

ஒரு படியில் மட்டும்தான் கவனம் செலுத்த முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று தன்னையே சோதித்து 1885இல் எழுதினார். கற்ற உடனே மறதி மிக வேகமாக நடக்கிறது, போகப் போக வேகம் குறைகிறது என்பது அவர் கண்டது. நமக்கு இதில் இருக்கும் செய்தி எளியது. இன்று கொடுத்த சொல்லை நாளையே கேட்க வேண்டும். பிறகு மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து, ஒரு மாதம் கழித்து. ஒரே நாளில் ஐம்பது தடவை கத்தவைப்பதால் வருவதைவிட, இப்படி இடைவெளி விட்டு ஐந்து தடவை கேட்பதால் நிற்பது அதிகம்.

'கேட்பது' என்றால் நீங்கள் சொல்லி அவர்கள் திருப்பிச் சொல்வது இல்லை, அது எதிரொலி. படத்தைக் காட்டுங்கள், வாயை மூடிக்கொள்ளுங்கள். மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை உதவ வேண்டாம். அந்த ஐந்து நொடி உங்களுக்கு நெடுநேரமாகத் தெரியும். பிள்ளைக்கு அது தேடும் நேரம். தேடி எடுத்த சொல் தங்கும். வரவில்லை என்றால் முதல் ஒலியை மட்டும் கொடுங்கள், "அம்..." என்று. பாதி நேரம் மீதி தானாக வந்துவிடும்.

எந்தச் சொல்லை எப்போது கேட்பது என்று நினைவு வைத்துக்கொள்ள மூன்று காலி அட்டைப்பெட்டிகள் போதும். செபாஸ்டியன் லைட்னர் என்ற ஜெர்மானியர் 1972இல் தனியாகப் படிப்பவர்களுக்குச் சொன்ன யோசனை இது, வகுப்புக்கும் பொருந்துகிறது. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் அட்டை, முன்பக்கம் படம், பின்பக்கம் சொல். புது அட்டை முதல் பெட்டியில். முதல் பெட்டி தினமும் திறக்கும், இரண்டாவது செவ்வாயும் வெள்ளியும், மூன்றாவது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. வகுப்பில் நாலு பேரைக் கேட்டு நாலு பேரும் சொன்னால் அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். ஒருவர் தடுமாறினாலும் மறுபடி முதல் பெட்டி. இதைத் தண்டனை மாதிரி ஆக்காதீர்கள். "இந்தக் குடை நம்மோடு இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும்" என்று சொல்லிப் போடுங்கள். யாரும் குற்றவாளி ஆவதில்லை. நாலு பேரைக் கேட்கும்போது எப்போதும் கை தூக்கும் நாலு பேரையே கேட்காதீர்கள். பெயர் எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுங்கள்.

பாடவேளையின் முதல் ஐந்து நிமிடம் பெட்டிக்குப் போதும். சலிப்பு தட்டினால் விளையாட்டாக மாற்றுங்கள். மேசையில் ஆறு பொருள் பரப்பி, கண்ணை மூடச் சொல்லி ஒன்றை எடுத்து மறைத்துவிட்டு, எது காணோம் என்று கேளுங்கள். இல்லாத பொருளின் பெயரைச் சொல்ல வேண்டியிருப்பதால் பார்த்துச் சொல்ல வழியில்லை, நினைவிலிருந்துதான் எடுக்க வேண்டும். வகுப்பில் அறுபது பேர் இருந்தால் வரிசைக்கு ஓர் அட்டைக் கட்டு கொடுத்து, இருவர் இருவராகக் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். சத்தமாகத்தான் இருக்கும். இருக்கட்டும்.

தவறு செய்தால் நிறுத்தித் திருத்த வேண்டாம். "டூ புக்" என்றால், "யெஸ், டூ புக்ஸ்" என்று சரியான வடிவத்தைச் சொல்லிவிட்டு மேலே போங்கள்.

படி 7: எழுத்து

வாயில் தடையின்றி வரும் சொற்களை மட்டுமே எழுதக் கொடுங்கள். கேட், ஹேட், மேட் போல ஒரே முடிவுள்ள மூன்றெழுத்துச் சொற்களில் தொடங்கினால், முதல் எழுத்தை மாற்றினால் சொல் மாறுவதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். கடினமான சொற்களுக்குப் பார், மூடு, எழுது, சரிபார் என்ற நான்கும் போதும். பத்துத் தடவை எழுதிவரச் சொல்லும் வீட்டுப்பாடத்தை விட்டுவிடுங்கள். மூன்றாவது தடவைக்குமேல் கை மட்டும்தான் ஓடுகிறது.

உங்கள் முதல் வாரம்

திங்கள்: பலகை நிறையத் தெரிந்த சொற்கள், படங்களோடு. செவ்வாய்: டோர், ஓபன், க்ளோஸ், பேக் நான்கும், செய்து காட்டி, பிள்ளைகள் பேசாமல். திற, மூடு இரண்டும் எதிர்ச்சொற்கள் ஆயிற்றே என்று கேட்பீர்கள். ஆமாம், அதனால் அன்று ஓபன் மட்டும் செய்யவையுங்கள், க்ளோஸ் உங்கள் வாயிலிருந்து காதில் விழுந்தால் போதும். புதன்: முதல் ஐந்து நிமிடம் செவ்வாய்ச் சொற்கள், பிறகு பிள்ளைகளே ஒருவருக்கொருவர் கட்டளையிடட்டும், "ஓபன் த பேக்" என்று. வியாழன்: சிவப்புப் பந்து, ரெட், த்ரோ, கேட்ச். வெள்ளி: புதுச் சொல் கிடையாது. அட்டைகளைப் பிள்ளைகளே வரையட்டும், முதல் பெட்டியைத் திறந்துவைத்து ஒவ்வொருவராக வந்து போடட்டும். போடும்போது அந்தச் சொல்லை ஒருமுறை உங்கள் காதில் மட்டும் சொல்லிவிட்டுப் போகச் சொல்லுங்கள். எது வரவில்லையோ அந்த அட்டை திங்கட்கிழமை காலை பெட்டியின் மேலே இருக்க வேண்டும்.